நாகசுரத்துக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தூரம்

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போனால் சிக்கல். அந்தச் சிற்றூரின் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசேர்த்தவர்களில் ஒருவர், உயிரோடு வாழ்ந்த மனிதரே அல்லர். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலின் நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம்தான் அவர். 1968-இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது திரையில் நாயனம் பிடித்தவர் சிவாஜி கணேசன். உண்மையில் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை வெடிக்க, சண்முகசுந்தரம் சினந்து கச்சேரியை நிறுத்திவிடும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அதைக் கலைஞனின் செருக்கு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு நாலு தெருவுக்குக் கேட்கக்கூடிய ஒரு வாத்தியம், தன் ஓசைக்குப் போட்டியாக வெடிமருந்தை மட்டுமே கருத வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது.

அந்த வாத்தியத்தை நான்கு சுவர்களுக்குள் கொண்டுவந்து, ஒரு கைப்பிடி அளவுள்ள ஒலிவாங்கியின் முன் உட்காரவைத்த கதையைப் பற்றி நம்மிடையே எழுத்து மிகக் குறைவு. ராகங்களைப் பற்றி எழுதுகிறோம். வித்துவான்களின் குணவிசேடங்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்கிறோம். நாம் கேட்டு மயங்கும் அந்த நாதம் எந்தத் தூரத்திலிருந்து பதிவானது என்று கேட்பதில்லை. நாகசுர வரலாற்றில் கடந்த நூறாண்டுகளாக நிகழ்ந்த மாற்றங்களில் பாதிக்கு இந்தத் தூரமே காரணம் என்பது என் துணிபு.

முதலில் தெருவிலிருந்து தொடங்குவோம். பெரிய மேளம் என்று பெயர் பெற்ற அமைப்பில் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் ஆகியவை மரபாக இடம்பெறும். சுவாமி புறப்படுகையில் கம்பீரநாட்டையில் மல்லாரி எழும். அதைக் கேட்டதும் மூன்று தெரு தள்ளி அடுப்படியில் இருப்பவர்கூடச் சுவாமி கோபுர வாசலைத் தாண்டப் போகிறார் என்று அறிந்துகொள்வார். இந்த இசையின் இலக்கணத்திலேயே தூரம் அடங்கியிருக்கிறது. நீலாயதாட்சி அம்மன் ஆடிப்பூரத்துக்கு வீதி வருகையில் அடுத்த தெருவில் நின்று கேட்டவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். நாயனத்தின் கூர்மையான மேலொலிகள் காற்றிலும் சுவர்களிலும் தேய்ந்துபோகின்றன; அடியொலியும் தவிலின் தொப்பி தரும் ஆழ்ந்த ஓசையும் தெருமுனை வளைந்து வருகின்றன. அருகில் நின்றால் காதைக் கிழிக்கும் வாத்தியம் நூறு அடி தள்ளி நின்றால் கனிந்துவிடும். அதைச் செய்த ஆசாரிக்கும் ஊதிய பிள்ளைக்கும் இது தெரியும். அந்த நூறு அடியை மனத்தில் வைத்தே அணசின் விரிவும் சீவாளியின் அழுத்தமும் அமைந்தன.

இனி அறைக்குள் வருவோம். 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது ஒலிவாங்கி என்ற பொருளே அங்கு இல்லை. ஒரு பெரிய புனல். அதன் சிறுமுனையில் ஒரு மெல்லிய தகடு. தகட்டில் ஓர் ஊசி. ஊசியின் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. பாடுபவரின் மூச்சு எழுப்பும் அதிர்வே மெழுகில் கோடு கிழிக்க வேண்டும், மின்சாரத்தின் உதவி கிடையாது. புனலுக்குள் தலையை நுழைக்காத குறையாக நின்று பாட வேண்டும், அதுவும் ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றவர்களின் குரல்கள் நமக்கு எஞ்சியிருப்பது இந்த வழியில்தான். இந்த முறை பிடித்துவைத்த ஒலி ஏறத்தாழ 250 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரையே. தவிலின் தொப்பி எழுப்பும் அடித்தள ஓசையில் பெரும்பகுதி இந்த எல்லைக்குக் கீழே விழுந்துவிடுகிறது. மெல்லிய வாத்தியங்களின் பாடு இன்னும் மோசம். வயலினின் ஓசை புனலை எட்டவில்லை என்று, அகஸ்டஸ் ஸ்ட்ரோ என்பவர் 1899-இல் வயலினுக்கே ஒரு புனலைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார்! ஒலியைப் பிடிக்கும் கருவிக்கு ஏற்றபடி வாத்தியத்தையே மாற்றும் வழக்கத்துக்கு இது ஒரு பழைய சாட்சி.

உரத்த வாத்தியத்துக்கு நேர் எதிரான துன்பம். அதைத் தள்ளி வைக்க வேண்டும். 1923-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில், ஜெனட் நிறுவனத்தின் பதிவுக்கூடத்தில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு வாசித்தபோது, இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்ற எல்லாரையும் மூழ்கடித்தது. ஆகவே அவரைப் பல அடிகள் பின்னால் நிறுத்தினார்கள் என்பது ஜாஸ் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. ஒரு கலைஞனின் உயரத்தை அவன் புனலுக்கு எவ்வளவு தொலைவில் நிறுத்தப்பட்டான் என்பதைக்கொண்டு அளந்த கதை அது. நம் நாயனக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

1925-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் உருவாக்கிய மின் பதிவு முறை வந்தது. இதில்தான் நாம் ‘மைக்’ என்றே சொல்லிப் பழகிய ஒலிவாங்கி நுழைகிறது. தமிழ்நாட்டில் இது இரட்டை வழியாகப் பரவியது. ஒன்று இசைத்தட்டு: எச்.எம்.வி., கொலம்பியா, 1932-இல் ஏ.வி. மெய்யப்பன் பங்குதாரராகச் சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியே ஓடியன். மற்றொன்று வானொலி: 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பத் தொடங்கியது, 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் 1939-இல் திருச்சி நிலையமும் வந்தன. திருச்சி நிலையம்தான் எங்கள் டெல்டாப் பகுதிக்குக் காது.

ஒலிவாங்கி வந்ததால் தமிழ்நாட்டில் குரல்கள் மாறியதைப் பலரும் கவனித்திருக்கிறார்கள். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை ஒலிவாங்கி இன்றி எட்டவேண்டியிருந்த கிட்டப்பாவின் உச்சக்குரல் ஒரு காலம். அருகில் நின்று முணுமுணுத்தாலும் அழகாகக் கேட்கும் மெல்லிசைக் குரல் இன்னொரு காலம். (எங்கள் நாகூர் இ.எம். ஹனீபாவைப் பழைய காலத்துக்காரர் என்றே சொல்வேன். ஒலிவாங்கி இருந்தபோதும் அது இல்லாததுபோலவே பாடிய குரல் அவருடையது.) வீணைக்கு ஒலிவாங்கி உயிர் தந்தது. அறைக்கு வெளியே கேட்காத வாத்தியம் பெருங்கூட்டத்தை எட்டியது. ஆக, மெல்லியவற்றுக்கு அது வலிமை தந்தது; வலியவற்றிடம் அடக்கத்தைக் கேட்டது. நாகசுரத்திடம் அது கேட்டது அடக்கத்தைத்தான்.

இந்த இடத்தில்தான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை வருகிறார். 1898-இல் நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகலில் பிறந்தவர், திருவாவடுதுறை ஆதீன வித்துவான், 1956-இல் மறைந்தார். (திருவாவடுதுறையும் 2020 வரை நாகை மாவட்டத்தில்தான் இருந்தது; இப்போது மயிலாடுதுறை மாவட்டம்.) அவர் கிராப்பு வைத்தது, கோட்டு அணிந்தது, மேடையில் மற்ற வித்துவான்களுக்குச் சமமாக அமர்ந்து வாசிக்கும் உரிமைக்காக வாதாடியது ஆகியவை பலரும் அறிந்தவை. 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். இவற்றோடு அவர் செய்த இன்னொரு காரியம், வாத்தியத்தையே மாற்றியது. அதுவரை வழங்கிய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உச்சமானது. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கைவண்ணத்தோடு, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாயனம் அவர் வாசிப்பின் வழியே நிலைபெற்றது. ஆச்சா மரத்தில் கடையும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

பாரி நாயனம் பிறந்ததற்கு இசைக்காரணங்களே பொதுவாகச் சொல்லப்படுகின்றன: சுத்த மத்தியமம் நன்கு பேச வேண்டும், கமகங்கள் வாய்ப்பாட்டைப்போல் இழைய வேண்டும் என்பன. அவை உண்மையே. ஆனால் காலத்தைப் பாருங்கள். வானொலி நிலையம், இசைத்தட்டு, சபா மேடை, பேசும்படம் ஆகிய நான்கும் அதே இருபது முப்பது ஆண்டுகளுக்குள்தான் நாகசுரத்தை உள்ளே அழைக்கின்றன. நான்கும் கூரைக்குக் கீழே உள்ளவை. நான்கிலும் கேட்பவரோ ஒலிவாங்கியோ சில அடிகளுக்குள் இருக்கிறார்கள். நூறு அடிக்காகச் செய்த வாத்தியம் பத்து அடிக்காகத் தன்னைத் திருத்திக்கொண்டது என்று இதைப் படிக்க எனக்குத் தோன்றுகிறது. மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் உரிமையும் தாழ்ந்த சுருதியும் ஒலிவாங்கியும் ஒரே நிகழ்வின் மூன்று முகங்கள். சாதி அடுக்கில் தெருவில் நிறுத்தப்பட்டவர்கள் அவைக்குள் வந்தார்கள். அவர்களோடு அவர்கள் நாதமும் அவைக்குள் வந்தது.

கொலம்பியா வெளியிட்ட அவருடைய தோடியைக் கேளுங்கள். கோயில் வாசலில் மணிக்கணக்கில் விரித்த ராகத்தை இசைத்தட்டின் சில நிமிடங்களுக்குள் அடைத்திருக்கிறார்கள் என்ற குறை உண்டுதான். ஆயினும் அதில் ஒரு காற்று இருக்கிறது. அக்காலப் பதிவுகளில் பெரும்பாலும் ஒரே ஒலிவாங்கிதான். ஒலிகளைப் பின்னால் சமன்செய்யும் வசதி இல்லை. கூட்டுவதும் குறைப்பதும் ஆட்களை முன்னும் பின்னும் நகர்த்துவதால்தான். நாயனத்தைச் சற்றே தள்ளியும் தவிலை இன்னும் தள்ளியும் வைத்தாக வேண்டும். அந்தக் கட்டாயமே வாத்தியத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது.

ஏன் தள்ளிவைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் வாத்தியத்தின் உடலிலேயே இருக்கிறது. நாகசுரத்தின் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை. எல்லாத் துளைகளும் மூடியிருக்கும்போதுதான் பெரும்பகுதி அடிவாயில் வெளிப்படுகிறது. மற்ற நேரங்களில் திறந்திருக்கும் விரல்துளைகளின் வழியே கணிசமான ஒலி வெளியேறுகிறது. அணசு மேலொலிகளைத் திரட்டி நேர்முன்னே பீய்ச்சுகிறது. ஆகையால் ஒலிவாங்கியை அணசின் வாயருகே வைத்தால் சில சுரங்கள் மட்டும் வெடிக்கும், மற்றவை மெலியும். சீவாளியின் கரகரப்பு முன்னுக்கு வரும். மூன்று நான்கு அடியாவது விலகி, குழலின் நடுப்பகுதியை நோக்கி, அணசின் நேர்க்கோட்டிலிருந்து சற்று ஒதுங்கி வைத்தால்தான் எல்லாச் சுரமும் ஒரே உடம்பிலிருந்து வருவதாகக் கேட்கும். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலியளவு ஆறு டெசிபல் குறையும் என்பது பௌதிகம். நெருக்கத்தில் கலைஞர் தலையை அரையடி அசைத்தாலும் ஒலி ஏறி இறங்குவதும், நான்கடிக்கு அப்பால் அந்த அசைவு தெரியாமல் போவதும் இதனால்தான்.

தவில் இன்னும் சிக்கலானது. பலாமரத்து உடல், வலந்தலையில் கூடு அணிந்த விரல்கள், தொப்பியில் கோல். இரண்டு தலைகளும் எதிரெதிர்த் திசை நோக்குபவை. ஒன்றின் முன் ஒலிவாங்கி வைத்தால் மற்றது மறைகிறது. இரண்டுக்கும் தனித்தனியே வைத்தால், ஒரே அடியை இரண்டு ஒலிவாங்கிகளும் வெவ்வேறு கணத்தில், சில வேளை எதிர்த் திசை அலையாகப் பெற்று, சேர்க்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். ஆழமான ஓசைதான் முதலில் பலியாகும்.

உலகில் இதே சங்கடத்தை நம்மைவிட அதிகம் ஆராய்ந்தவர்கள் மேனாட்டு ராக் இசைக் குழுக்களின் ஒலிப்பதிவாளர்கள். அவர்களுக்கும் சிக்கல் தாளவாத்தியத்தில்தான். 1966-இல் லண்டனில் பீட்டில்ஸ் குழுவின் ‘ரிவால்வர்’ பதிவானபோது, ஜெப் எமரிக் என்ற இருபது வயது ஒலிப்பதிவாளர் ரிங்கோ ஸ்டாரின் பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, ஒலிவாங்கியைச் சில அங்குல நெருக்கத்துக்குக் கொண்டுபோனார். காற்றழுத்தம் தாக்கி விலையுயர்ந்த ஒலிவாங்கி பழுதாகும் என்று இ.எம்.ஐ. நிறுவனம் அந்த நெருக்கத்துக்குத் தடை விதித்திருந்தது. எமரிக் தடையை மீறினார். நெஞ்சில் குத்துவதுபோன்ற அந்த டிரம் ஓசை அதன்பின் உலக வழக்காயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1971-இல் வெளிவந்த லெட் செப்லின் குழுவின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாடலுக்கு ஆண்டி ஜான்ஸ் நேர்மாறாகச் செய்தார். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் ஜான் போனமின் டிரம்களை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டு ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டார். வாத்தியத்தோடு மாளிகையும் பதிவாயிற்று. இசை ஆர்வலர் பலர் ராக் இசையின் மிகப்பெரிய டிரம் ஓசை என்று கொண்டாடுவது நெருங்கிப் பிடித்ததை அல்ல, விலகி நின்று பிடித்த இதைத்தான். உரத்த வாத்தியத்துக்கு அறை வேண்டும், இடைவெளி வேண்டும் என்பதை அவர்கள் ஒரு மாளிகைப் படிக்கட்டில் கண்டுகொண்டார்கள். கருங்கல் பிராகாரத்தில் ஆயிரம் ஆண்டுகளாக அதைக் கேட்டு வந்தவர்கள் நாம்.

தமிழ்த் திரைப்படத்தின் கதைக்கு வருவோம். தொடக்கப் பேசும்படங்களில் நடிகர் பாட, பக்கவாத்தியக்காரர்கள் புதருக்கும் தட்டிக்கும் பின்னால் மறைந்து வாசிக்க, மேலே தொங்கும் ஒரே ஒலிவாங்கி அனைத்தையும் வாங்கிக்கொள்ளும். பின்னணிப் பாடல்முறை வந்தபின் படப்பிடிப்பும் ஒலிப்பதிவும் பிரிந்தன. அந்தப் பிரிவினையின் உச்சம் என்று நான் கருதுவது 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யின் ‘சிங்கார வேலனே தேவா’. எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசை, கு.மா. பாலசுப்பிரமணியத்தின் வரிகள், எஸ். ஜானகியின் குரல், ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம். சிங்காரவேலன் என்பது சிக்கல் முருகனின் திருநாமம் என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஊர்ப்பற்றில்!

ஆபேரியில் அமைந்த அந்தப் பாடலின் அதிசயத்தை நாம் பழகிப்போய் மறந்துவிட்டோம். ஒரு பெண்குரலும் ஒரு நாகசுரமும் சமமாக நின்று சுரத்துக்குச் சுரம் பேசிக்கொள்கின்றன. எந்தத் தெருவிலும் எந்தக் கோயிலிலும் இது நடக்க இயலாது; முதல் மூச்சிலேயே நாயனம் குரலை விழுங்கிவிடும். இந்தச் சமத்துவம் ஒலிவாங்கி செய்துகொடுத்தது: குரலுக்கு நெருக்கம், நாயனத்துக்கு அடக்கம். காருகுறிச்சியாரின் வாசிப்பில் இயல்பாகவே ஒரு குழைவு உண்டு என்பதால் அடக்கம் அங்கே இழப்பாகத் தெரியவில்லை. கேட்ட தலைமுறைக்கு நாகசுரம் என்றால் இதுதான் என்று ஆயிற்று. பின்னாளில் விடியற்காலை வானொலியின் மங்கல இசையில் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நாயனம் என்பது கட்டிலருகே ஒலிக்கும் மெல்லிய வாத்தியம் என்றே ஆகிவிட்டது.

இந்தப் பழக்கத்தின் மறுமுனையை இன்று கலியாண மண்டபங்களில் காண்கிறோம். சவுண்ட் சர்வீஸ்காரர் அணசின் விளிம்பிலேயே ஒரு சிறு ஒலிவாங்கியைக் கவ்வவிடுகிறார். தவிலின் இருபுறமும் இரண்டு. மேலே எதிரொலியைக் கூட்டும் ஒரு பொத்தான். ஆறடி உயரப் பெட்டிகள் அதைத் திருப்பிக் கக்குகின்றன. பந்தியில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். உடனே ‘நாகசுரம் இரைச்சலான வாத்தியம்’ என்ற தீர்ப்பும் வந்துவிடுகிறது. கோல் போட்டுக் கோல் போட்டுக் கை காய்ந்த தவில்காரருக்கு இதைவிட அநியாயம் வேண்டாம். மண்டபத்தில் ஒலிபெருக்கியே தேவைப்படாத ஒரே கச்சேரி அவருடையதுதான். பதிவுக்கூடங்களோ இன்னும் ஒரு படி மேலே போய், விசைப்பலகையில் அடங்கிய நாகசுர ஒலித்துணுக்குகளை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்கின்றன. அவற்றில் பல, மிக நெருக்கத்தில், அசைவற்று, ஒவ்வொரு சுரமாகப் பிடித்தவை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுகும் கமகம் அங்கே இல்லவே இல்லை.

நம் வலைப்பதிவு நண்பர்களுள் ஒலிப்பதிவுக் கருவி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். திருமருகல் மாடக்கோயிலிலோ சிக்கலிலோ, அர்த்தசாமம் முடிந்து கூட்டம் கலைந்தபின், அனுமதி பெற்று ஒரு மேளக் குழுவைப் பிராகாரத்தில் உட்காரவையுங்கள். ஒரு சோடி ஒலிவாங்கிகள் போதும்: கலைஞர்களுக்குப் பன்னிரண்டு அடி முன்னால், ஆறேழு அடி உயரத்தில். நாயனம் முன்னே, தவில் நான்கடி பின்னே, வலந்தலையும் தொப்பியும் பக்கவாட்டில் விரியும்படி. வேறொரு சோடியை அடுத்த பிராகாரத்தின் மூலையில் வைத்துவிடுங்கள், அங்கே யாரும் நிற்க வேண்டாம். மின்விசிறிகளையும் குழல்விளக்குகளையும் அணைத்துவிட்டு மல்லாரியில் தொடங்கச் சொல்லுங்கள். நேரம் எவ்வளவு என்று அவர்களிடம் சொல்லாதீர்கள்.